சாணி ஆறட்டும், புழு காத்திருக்கும்

தொழுவும் தோட்டமும் – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், மாட்டுப் பட்டிச் சாணியைக் கானில், அதாவது வடிகாலில், கழுவிவிட்டுக் கடையில் உரம் வாங்குகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். திட்டி வந்த கடிதங்கள் நான்கு. "சரி, மண்புழு உரம் போடுவது எப்படி?" என்று கேட்டு வந்தவை ஒரு கட்டு. முப்பத்தொரு வருடம் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவள், இப்போது இரண்டு மாட்டுக்கும் ஒரு கன்றுக்கும் புல் அறுக்கிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். உங்கள் சொற்கள் மாறியிருந்தால் கோபிக்க வேண்டாம்.

டீச்சர், ஹட்டனுக்குப் போய் ஒரு கிலோ மண்புழு வாங்கி வந்தேன். அன்று காலையில் பட்டியில் அள்ளிய சாணியைச் சீமெந்துத் தொட்டியில் நிரப்பி அதன்மேல் விட்டேன். விடிந்து பார்த்தால் பாதி தொட்டிச் சுவரில் ஏறி நிற்கிறது, மீதி செத்துக் கிடக்கிறது. விற்றவர் என்னை ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், பொகவந்தலாவை

விற்றவரை விட்டுவிடுங்கள். அவர் நல்ல புழுதான் கொடுத்திருக்கிறார். நல்ல புழுவாக இருந்தபடியால்தான் சுவரேறித் தப்பப் பார்த்திருக்கிறது.

நானும் இதையே செய்தவள். ஓய்வு பெற்ற அடுத்த மாதம், பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் அன்றைய சாணியைக் கொட்டி, புழுவை விட்டு, இஸ்தோப்பில் வைத்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் இஸ்தோப்பு முழுவதும் புழு. வீட்டுக்காரர் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டார். பிறகு நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. "விஞ்ஞான டீச்சரின் பரிசோதனை முடிந்ததா?" என்று அவர் கேட்டதற்கு அன்று முழுவதும் நான் பதில் சொல்லவில்லை.

தவறு எங்கே என்றால், புதுச் சாணி குவியலாகக் கிடந்தால் அது அடுப்பு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கியதும் உள்ளே சூடு ஏறும். நன்றாகக் கூட்டிய குவியல் 55, 60 பாகை செல்சியஸைத் தொடும். மண்புழுவோ 35 பாகைக்கு மேல் பிழைக்காது. 15 முதல் 25 பாகை வரைதான் அதற்குச் சுகம். சூடு மட்டுமல்ல. சாணியோடு சேர்ந்து வரும் மாட்டு மூத்திரத்திலிருந்து அமோனியா கிளம்பும். பட்டிக்குள் நுழைந்ததும் நமக்கு மூக்கு எரிகிறதே, அது. புழு தோலால் மூச்சு விடுகிற பிராணி, அந்த எரிவு அதற்கு உடம்பு முழுவதும்.

ஆகவே முதலில் சாணியை ஆற விடுங்கள். மழை படாத இடத்தில் சாணி ஓர் அடுக்கு, காய்ந்த புல் அல்லது மாடு மிச்சம் வைத்த குவாத்தமாலாப் புல் தண்டை நறுக்கி ஓர் அடுக்கு என்று முழங்கால் உயரத்துக்கு மேலேயே குவியுங்கள். நாலைந்து நாளைக்கு ஒரு முறை புரட்டிப் போடுங்கள். கண்டியிலும் மாத்தளையிலும் பதினைந்து நாள் போதும். உங்கள் பக்கத்துக் குளிருக்கு நான் மூன்று வாரம் என்று சொல்வேன். இந்தச் சூடு வீணல்ல. சாணியில் முளைக்காமல் வந்த களை விதைகளைக் கொல்வது இதுதான். புழுப் படுக்கை குளிர்ந்தது, அதற்கு விதையைக் கொல்லத் தெரியாது. ஆற விடாமல் போட்டவர்கள் பிறகு கரட் பாத்தியில் புல் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆறிவிட்டதா என்று அறிய வெப்பமானி தேவையில்லை. அலவாங்கைக் குவியலின் நடுவில் செருகி ஐந்து நிமிடம் விட்டு, இழுத்து உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். கையில் சூடு தெரிந்தால் இன்னும் இல்லை. அலவாங்கு சில்லென்று இருந்தால், அதன் பிறகும் பத்துப் புழுவை மட்டும் எடுத்து மேலே விட்டு ஒரு சாக்கால் மூடுங்கள். ஒரு மணித்தியாலத்தில் பத்தும் உள்ளே இறங்கியிருந்தால் மற்றவற்றையும் விடலாம். ஓரத்தில் கூடி நின்றால் இன்னும் ஒரு வாரம்.

மிச்சமிருக்கும் புழுவைச் சுவரிலிருந்து பொறுக்கி, ஈரக் கடதாசி மட்டையும் பழைய எருவும் போட்ட வாளியில் வையுங்கள். மூன்று வாரம் காத்திருக்கும்.

ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் மழை விடுவதே இல்லை. புழுத் தொட்டி கஞ்சி மாதிரி ஆகிவிடுகிறது. மண்புழு ஈரத்தை விரும்பும் என்றுதானே படித்தோம்?
– வாசகி, மஸ்கெலியா

ஈரத்தை விரும்பும், வெள்ளத்தை அல்ல. புழு தண்ணீரில் மூழ்கியதும் சாவதில்லை. ஒட்சிசன் உள்ள தண்ணீரில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். உங்கள் தொட்டியில் நிற்பது அந்தத் தண்ணீர் அல்ல. சாணி கரைந்து, ஒட்சிசன் தீர்ந்து, அடியில் அழுகிய முட்டை வாடை அடிக்குமே, அதில்தான் சாகும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று முதலில் வந்து மோதுவது உங்கள் பக்கத்துச் சரிவுகளில்தான். அங்கே நிலத்தில் குழி வெட்டிப் புழு வளர்க்கச் சொல்கிற எந்தக் கையேட்டையும் நம்பாதீர்கள். அது வறண்ட பூமிக்கு எழுதப்பட்டது. நம்முடைய மேற்குச் சரிவில் குழி என்றால் கிணறு. படுக்கையை நிலத்துக்கு மேலே தூக்குங்கள். நாலு செங்கல், அதன்மேல் கொஞ்சம் சாய்வாக ஒரு பழைய தகரம், தகரத்தின்மேல் மூன்று அங்குல உயரத்துக்கு உடைந்த குச்சியும் தேங்காய்ப் பொச்சும், பிறகுதான் எரு. சரிவின் கீழ்முனையில் தண்ணீர் வடிய இடைவெளி விடுங்கள். கூரை எப்படியும் வேண்டும். படுக்கையைவிட ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அடி நீண்டிருக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊரில் மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. சுற்றிலும் ஒரு சிறு கான் வெட்டுங்கள். மலையில் வேலை செய்தவர்களுக்குக் கான் வெட்டுவதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

படுக்கைக்கு மேலே போட நான் பயன்படுத்துவது பழைய படங்கு. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டிக் கிழிந்துபோனதுதான். ஈரத்தைக் காக்கும், வெளிச்சத்தை மறைக்கும், காகத்துக்குப் புழு தெரியாது.

ஈரம் சரியா என்பதற்கு ஒரு கைப்பிடி எருவை எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் காய்ந்த புல்லையும் கிழித்த கடதாசி மட்டையையும் கலந்து கிளறிவிடுங்கள். சொட்டே வராமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். இந்தக் கடைசி வரி பண்டாரவளை, வெலிமடைக்காரர்களுக்கு. மஸ்கெலியாக்காரர்கள் மழையில் புலம்பும் அதே ஜூலையில் மலைக்கு அந்தப் பக்கம் கச்சான் என்ற வறண்ட காற்று அடித்துப் படுக்கை இரண்டு நாளில் காய்ந்துவிடுகிறது. ஒரே இதழில் இரண்டு பக்கத்துக்கும் பதில் எழுதுகிறவளின் கஷ்டத்தைப் பாருங்கள்.

அடியில் வடியும் கறுத்த தண்ணீரை வீசாதீர்கள். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்துப் போஞ்சியின் அடியில் ஊற்றலாம். சலாது போலப் பச்சையாகச் சாப்பிடும் இலைகளின்மேல் மட்டும் ஊற்ற வேண்டாம். என்ன இருந்தாலும் அது சாணித் தண்ணீர்.

எந்தப் புழு நல்லது? ஆபிரிக்கப் புழு பெரிதாக இருக்கிறது, வேகமாகத் தின்னும் என்கிறார்கள். எங்களுக்கு ஜனவரியில் புல்லின்மேல் பனி வெள்ளையாக உறையும்.
– வாசகர், கந்தப்பளை

ஆபிரிக்கப் புழு, அதாவது யூட்ரிலஸ் யூஜீனியே, பெரியது, சாப்பாட்டு ராமன் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அது வெப்ப நாட்டுப் பிராணி. குருணாகலில் கொழுக்கும், கந்தப்பளையில் ஜனவரியில் சுருண்டுகொள்ளும். உங்களுக்கு ஏற்றது ஐசீனியா ஃபெடிடா என்ற சிறிய செம்புழு. உடம்பில் வளையம் வளையமாகச் சிவப்பும் மஞ்சளும் தெரியும். குளிர் நாடுகளின் எருக் குவியல்களிலிருந்து வந்தது, குளிரைத் தாங்கும். குளிரில் தின்பது குறையும், அவ்வளவுதான்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதை யாரும் விற்பதில்லை. உங்கள் பட்டிக்குப் பின்னால் ஆறு மாதமாகக் கிடக்கும் பழைய சாணிக் குவியலைப் புரட்டுங்கள். மெலிந்த, கத்தரிப்பூ நிறம் மினுங்கும், தொட்டால் துள்ளி ஓடும் புழு கிடைக்கும். பெரும்பாலும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், நம் ஆசியப் பகுதிக்கே உரியது. இலவசம். அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு: மழை இரவில் கூட்டமாக வெளியே கிளம்பிப் போய்விடும். அந்த இரவுகளில் படுக்கைக்கு மேலே ஒரு லாம்பு எரிய விட்டால் வெளிச்சத்துக்குப் பயந்து உள்ளேயே கிடக்கும்.

தேயிலை மலையிலோ மரக்கறிப் பாத்தியிலோ மண்ணை வெட்டும்போது வரும் சாம்பல் நிறப் புழுவைப் பிடித்துத் தொட்டியில் போடாதீர்கள். அது மண்ணைத் தின்று ஆழத்தில் துளை போட்டு வாழ்வது. நிறைய எருவில் அது செத்துப்போகும். அதைப் போலவே, எருப் புழுவைக் கொண்டுபோய் மலையில் விட்டாலும் பயனில்லை. மண்ணில் அதற்குச் சாப்பாடு கிடையாது.

உறைபனிக்கு: இரவில் படுக்கையின்மேல் அரை அடிக்குக் காய்ந்த புல்லைப் பரப்பி, படங்கைப் போட்டு மூடுங்கள். ஓரமாகக் கொஞ்சம் பாதி ஆறிய சாணியைப் புதைத்துவையுங்கள். ஒரு மூலையில் மட்டும். அதன் கதகதப்புக்குப் புழு தானாகவே பக்கத்தில் வந்து படுக்கும், அதிகச் சூடானால் தானாகவே விலகும். முழுப் படுக்கையிலும் போட்டால் முதல் கேள்விக்காரருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்.

மண்புழுவை வெட்டினால் இரண்டு புழுவாகும் என்று சிறு வயதில் சொன்னார்கள். மண்வெட்டி பட்டு அறுந்தவற்றை என்ன செய்வது?
– பத்தாம் வகுப்பு மாணவி, பூண்டுலோயா

ஆகாது மகள். தலைப் பக்கம் தடித்துத் தெரியும் கழுத்துப் பட்டைக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி அறுந்தால் தலைப் பக்கம் பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ளலாம். வால் பக்கம் கொஞ்ச நேரம் நெளிந்துவிட்டுச் செத்துப்போகும். அதற்காகத்தான் படுக்கையில் மண்வெட்டி போடக் கூடாது என்கிறோம். கையால் கிளறு, அல்லது பல் வைத்த முள்ளுக் கருவியால்.

ஆனால் வெட்டினால் உண்மையிலேயே பலவாகும் ஒன்று உன் படுக்கைக்கு வரக்கூடும். மழைக் காலத்தில் கல்லுக்கு அடியில் தட்டையாக, வழவழவென்று, தலை மட்டும் சுத்தியல் போல அகன்ற ஒரு புழுவைப் பார்த்திருப்பாய். அது தட்டைப்புழு. மண்புழுவைச் சுற்றிப் பிடித்துக் கரைத்துக் குடிக்கும். ஆத்திரத்தில் அதை வெட்டிப் போட்டால் துண்டுகள் ஒவ்வொன்றும் தலை வளர்த்துக்கொள்ளும். குச்சியால் எடுத்து உப்புத் தண்ணீரில் போடு. வெறுங்கையால் தொடாதே.

சாணி குறைவு. கோழி எருவும் ஆட்டுப் புழுக்கையும் இருக்கிறது. போடலாமா?
– வாசகர், வெலிமடை

ஆட்டுப் புழுக்கை போடலாம். காய்ந்து உருண்டையாக இருந்தால் ஓர் இரவு ஊறவைத்து நசுக்கி, மாட்டுச் சாணியைப் போலவே ஆறவைத்துப் போடுங்கள். புழு மிகவும் விரும்பும்.

கோழி எரு வேறு விஷயம். மாட்டுச் சாணியில் ஒரு பங்கு நைதரசனுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு காபன் இருக்கும். கோழி எருவில் பத்துக்கும் குறைவாகவே இருக்கும். மிஞ்சிய நைதரசன் அமோனியாவாகக் கிளம்பிப் புழுவைக் கொல்லும், உப்பும் அதிகம். மரத்தூள் கலந்த பண்ணைக் கூளமாக இருந்தால் ஓரளவு பரவாயில்லை. இரண்டு மாதம் தனியாக மக்கவைத்து, பிறகு பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலந்து, பத்துப் புழுப் பரிசோதனையைச் செய்துவிட்டு விடுங்கள். என்னைக் கேட்டால், கோழி எருவை நேரே மக்கவைத்து உருளைக்கிழங்குக்குப் போடுவதுதான் கெட்டித்தனம். எல்லாவற்றையும் புழுவின் வாய் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

எனக்கு அரை ஏக்கர் தேயிலையும் ஒரு மாடும் இருக்கிறது. மண்புழு உரம் போட்டால் யூரியாவை அடியோடு நிறுத்திவிடலாம் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். நிறுத்தலாமா?
– சிறு தோட்டக்காரர், புசல்லாவைப் பக்கம்

ஐயா, கணக்கு எழுத ஒரு கடதாசியை எடுங்கள்.

உங்கள் மாடு நாளுக்கு 20 கிலோ சாணி போடுகிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 7,300 கிலோ. கேட்கப் பெரிது. அதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். உலர்ந்த பொருள் 1,460 கிலோ. மக்கி, புழு தின்று முடிக்கும்போது அதில் பாதி காற்றோடு போய்விடும். ஏறத்தாழ 700 கிலோ மிஞ்சும். நல்ல மண்புழு உரத்தில் நைதரசன் நூற்றுக்கு ஒன்றரை. ஆக, ஒரு வருடம் முழுக்க ஒரு சாணியும் வீணாகாமல் உழைத்தால் உங்கள் கையில் இருப்பது பத்தரைக் கிலோ நைதரசன். ஒரு 50 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 23 கிலோ. அரை மூட்டைகூட வரவில்லை.

இப்போது எடுக்கிற பக்கத்தைப் பாருங்கள். நூறு கிலோ பச்சைக் கொழுந்து, தொழிற்சாலையில் 21, 22 கிலோ தூளாகும். அதில் நூற்றுக்கு நாலு நைதரசன். ஒவ்வொரு நூறு கிலோ கொழுந்தோடும் முக்கால் கிலோவுக்கு மேல் நைதரசன் உங்கள் மலையை விட்டு லொறியில் ஏறுகிறது. கவ்வாத்துக் குச்சியிலும் மழையில் அடிபட்டுப் போவதிலும் இன்னும் கொஞ்சம். உங்கள் கொழுந்துப் புத்தகத்தைப் பார்த்து வருடக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைப் போடாமல் நாடே ஒரு முறை பரீட்சை எழுதியது. 2021 மே மாதம் அரசாங்கத்தார் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். அந்த வருடம் நவம்பரில் விலக்கினார்கள். 2021இல் 300 மில்லியன் கிலோவுக்கு அருகில் இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த வருடம் 250 மில்லியன் அளவுக்கு விழுந்தது. சேதன உரம் கெட்டது என்பதல்ல அதன் பொருள். இல்லாத சாணியை இருப்பதாக எண்ணிக் கணக்கு எழுதினார்கள்.

அப்படியானால் புழு எதற்கு? யூரியா மண்ணுக்குக் கொடுக்காத ஒன்றைக் கொடுக்க. மழை அறுத்துப்போன சரிவில் மண் தண்ணீரைப் பிடித்து நிற்கவும், போட்ட உரம் அடுத்த மழைக்கே கானுக்குப் போகாமல் தங்கவும் மக்கிய எரு வேண்டும். உங்களிடம் இருக்கும் கொஞ்சத்தை அரை ஏக்கரிலும் தூவி மறைய விடாதீர்கள். வெற்றிடம் நிரப்ப நடும் இளங்கன்றுகளின் குழியைச் சுற்றிப் போடுங்கள். வீட்டு மரக்கறிப் பாத்திக்குப் போடுங்கள். கோவாவிலும் லீக்ஸிலும் வித்தியாசத்தைக் கண்ணால் பார்ப்பீர்கள். தேயிலைக்கு மண் புளிப்பாக இருக்க வேண்டும், புளிப்பை அளக்கும் pH கணக்கில் 4.5 முதல் 5.5 வரை, மண்புழு உரமோ 7க்குப் பக்கத்தில் நிற்பது. ஆகவே தேயிலை நாற்றுப் பைகளில் கை நிறைய அள்ளிப் போட வேண்டாம். யூரியாவைக் குறைப்பதா, எவ்வளவு குறைப்பது என்பதை மண்ணைப் பரிசோதித்த பிறகு முடிவு செய்யுங்கள். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது, அதன் ஆலோசனை சிறு தோட்டக்காரருக்கும் உரியதுதான். பயிற்சி வகுப்பில் அப்படிச் சொன்னவரிடம், அவருக்கு எத்தனை மாடு இருக்கிறது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

மாட்டுக்குப் பூச்சி மருந்து கொடுத்த வாரம் புழுக்கள் சுணங்கிப் போயின. தற்செயலா?
– வாசகி, அக்கரப்பத்தனை

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். அல்பெண்டசோல் போன்ற குடற்புழு மருந்துகளின் வேலையே புழுவைக் கொல்வதுதான். மாட்டின் வயிற்றில் இருக்கும் புழு எது, தொட்டியில் இருக்கும் புழு எது என்று அதற்குப் பேதம் தெரியாது. மருந்தின் ஒரு பகுதி சாணியோடு வெளியே வரும். மருந்து கொடுத்த நாளிலிருந்து இரண்டு மூன்று வாரச் சாணியைத் தனிக் குவியலாகப் போட்டுச் சாதாரணக் கூட்டெருவாக்கிவிடுங்கள். அதற்காக மாட்டுக்கு மருந்தை நிறுத்தாதீர்கள்!

காபெண்டசிம், பெனோமில் என்ற பூஞ்சைக் கொல்லிகளும் அல்பெண்டசோலின் உறவுக்காரர்கள்தான், மண்புழுவுக்கு நஞ்சு. அவை அடித்த பாத்தியின் இலைகுழைகள் தொட்டிக்கு வேண்டாம். தேயிலைக் கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடிக்கிறார்கள். 1946இல் இந்த நோய் இலங்கைக்கு வந்த பிறகு தொடங்கிய பழக்கம். செம்பு மக்கிப் போவதில்லை, தங்கிச் சேரும். மருந்தடித்த மலையின் கவ்வாத்து இலையையும் சேர்க்காதீர்கள். முள்முருங்கை இலை, வாழைத் தண்டு போதும்.

நாங்கள் இருப்பது லயத்தில். ஒரு மாடு, பட்டியைத் தவிர வேறு இடமில்லை. ஈயும் நாற்றமும் என்று பக்கத்துக் காம்பராக்காரர்களோடு சண்டை. எல்லாச் சாணியையும் மண்புழுத் தொட்டியில் போட்டால் தீருமா?
– வாசகி, நோர்வூட்

எல்லாச் சாணியும் அதற்குள் அடங்காது. மண்புழு ஒரு நாளில் தன் எடையில் பாதி அளவு தின்னும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மாடு நாளுக்குப் போடும் 20 கிலோ சாணிக்கு 40 கிலோ புழு வேண்டும். நீங்கள் வாங்கப் போவது ஒரு கிலோ. என்னுடைய ஆறடிக்கு மூன்றடிப் படுக்கை, புழு நன்றாகப் பெருகிய பிறகும் நாளுக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் தாங்குவதில்லை. அதற்கு மேல் போட்டால் தின்னாமல் கிடந்து புளித்து, நீங்கள் சொல்லும் அதே ஈயும் நாற்றமும் தொட்டியிலிருந்தே வரும்.

சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் சாணி அல்ல, மூத்திரம் தேங்குவது. பட்டித் தரையைச் சாய்வாக்கி மூத்திரத்தைத் தனியாக ஒரு வாளிக்கு வடிய விடுங்கள். பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துப் புல்லுக்கு ஊற்றலாம், புல் கறுத்து வளரும். சாணியைத் தினமும் அள்ளி, குவியலின்மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த புல் போட்டு மூடுங்கள். மூடிய சாணியில் ஈ முட்டையிடுவது குறையும். அந்தக் குவியலிலிருந்து ஆறிய பகுதியை மட்டும் நாலைந்து கிலோவாகத் தொட்டிக்கு எடுத்துப் போடுங்கள். இரண்டு மூன்று அங்குல அடுக்குக்கு மேல் ஒரு தடவையில் வேண்டாம். மீதிச் சாணி புழு இல்லாமலே மூன்று நாலு மாதத்தில் நல்ல எருவாகும்.

முதல் பாத்தியில் வரும் கறிமிளகாயில் ஒரு பை பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுங்கள். இது விஞ்ஞானம் அல்ல, லயத்தில் பிறந்து வளர்ந்தவள் சொல்வது.

உரத்தில் வெள்ளையாக, நூல் போல ஆயிரக்கணக்கான குட்டிப் புழுக்கள். மண்புழுக் குஞ்சா?
– வாசகர், இராகலை

அல்ல. மண்புழுக் குஞ்சு பிறக்கும்போதே லேசான இளஞ்சிவப்பாகத் தெரியும். உங்களுடையது நூல்புழு, தீங்கு செய்யாது, ஆனால் படுக்கை அதிக ஈரமாகிப் புளித்துவிட்டது என்று சொல்ல வந்திருக்கிறது. முட்டையோட்டை வறுத்துப் பொடித்துத் தூவி, கிளறி, ஒரு வாரம் சாப்பாடு போடாமல் விடுங்கள். மண்புழுவின் கூட்டைத்தான் நீங்கள் தேட வேண்டும்: கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, எலுமிச்சை வடிவில், மஞ்சள் பழுப்பு நிறத்தில் இருக்கும். அதிலிருந்து மூன்று வாரம் போல் ஆனதும் இரண்டு மூன்று குஞ்சு வரும்.

உரம் தயார். புழுவைப் பிரித்து எடுப்பது எப்படி? புழுவைக் கிலோ என்ன விலைக்கு விற்கலாம்?
– வாசகர், என் ஊருக்குப் பக்கத்து ஊர்

தேயிலைத்தூள் போலக் கறுத்து, உதிர்ந்து, மழைக்குப் பிந்திய மண்வாசம் வந்தால் தயார். ஒரு வாரம் தண்ணீர் தெளிக்காதீர்கள். வெயில் உள்ள காலையில் உரச்சாக்கு ஒன்றை விரித்து, உரத்தைச் சிறு சிறு கூம்பாகக் குவியுங்கள். புழு வெளிச்சத்துக்கு அஞ்சி அடிக்குப் போகும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மேலே வழித்து எடுத்துக்கொண்டே வந்தால் கடைசியில் சாக்கில் புழு மட்டும் உருண்டையாகக் கிடக்கும். இதைக் கோழி இல்லாத இடத்தில் செய்யுங்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். வழித்த உரத்தில் கூடுகள் இருக்கும், ஆகவே சல்லடையில் மிஞ்சியதைப் புதுப் படுக்கைக்கே திருப்பிப் போடுங்கள். உரத்தை எலும்பு போலக் காயவிடாதீர்கள். நிழலில், காற்றுப் போகும் சாக்கில் வையுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசி போட்டு எத்தனை வருடம் என்று கிளினிக்கில் கேளுங்கள்.

விற்பதைப் பற்றி: புழு பண்ணை வைத்தால் மாதம் இவ்வளவு இலட்சம் என்று யாராவது சொன்னால், அவர் பணம் பார்ப்பது உங்களுக்குப் புழு விற்பதில். நல்ல படுக்கையில் இரண்டு மூன்று மாதத்தில் புழு இரட்டிப்பாகும். அப்படிப் பெருகுவதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை விற்க முடியும்? நான் விற்பதில்லை. பக்கத்து ஊர் என்கிறீர்கள், மூடியில் துளை போட்ட டப்பா ஒன்றைக் கொண்டு வாருங்கள், ஒரு டப்பா நிறையத் தருகிறேன். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று கால்நடை வைத்தியர் வருகிறார், கறுத்த மாடு சினைப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.